அப்பியன் பெருவழி

‘மைல்’ என்னும் சொல்லை அறியாத தமிழர் எவரும் இலர். கிலோமீற்றர்க் கணக்கு நடைமுறைக்கு வந்து நெடுங்காலமான பின்னரும், ‘நாலு மைல் தூரம்’ என்றும் ‘ஐந்தாங் கட்டையடி’ என்றும் கூறும் வழக்கை நம் முதியவர்கள் விட்டாரல்லர். இச்சொல் ஆங்கிலத்தின் வாயிலாக நம்மிடம் வந்ததாயினும், அதன் பிறப்பிடம் ஆங்கில நாடன்று. இலத்தீன் மொழியில் ‘மீலே பாசூஸ்’ என்றால் ஆயிரம் எட்டு என்பது பொருள். நடந்து செல்லும் ஒருவனின் ஒரு பாதம் ஊன்றிய இடத்திலிருந்து அதே பாதம் மீண்டும் ஊன்றும் இடம் வரையுள்ள தூரத்தையே உரோமர் ஓர் எட்டெனக் கொண்டனர். அத்தகைய ஆயிரம் எட்டுக்கள் ஒரு மைல். இன்றைய அளவில் அது ஏறக்குறைய 1,480 மீற்றர். படை நடக்கும் தூரத்தைக் காலடியால் கணக்கிட்டு, ஆயிரம் எட்டுக்கு ஒரு கல்லாக வீதியோரத்தில் நாட்டிச் சென்ற மக்கள் அவர்கள். அவர்களுடைய பெருவீதிகளுள் மூத்ததும் புகழ் மிக்கதுமான அப்பியன் பெருவழியின் வரலாறே இங்குக் கூறப்படுவது.

இலத்தீனில் ‘வீயா அப்பியா’ எனப்படும் இவ்வீதி கி.மு. 312 ஆம் ஆண்டில் இடப்பெற்றது. அந்நாளைய உரோமாபுரி, உலகாண்ட பேரரசின் தலைநகரன்று. தைபர் ஆற்றங்கரையில் அமைந்து, சுற்றுப்புற ஊர்களை ஒவ்வொன்றாகத் தன்வயப்படுத்தி வந்த நகரரசு அது, அவ்வளவே. தெற்கே கம்பானியா என்னும் செழிப்பான சமவெளி இருந்தது. தானியமும் திராட்சையும் மலிந்த அந்நிலத்தின் தலைநகர் கப்புவா. உரோமர் அந்நகரைத் தம்மோடு பிணைத்துக்கொண்டனர். ஆனால் கம்பானியாவுக்குக் கிழக்கே மலைகளில் வாழ்ந்த சம்நைத்தர் என்னும் வீரக்குடியினரும் அதே சமவெளியின்மீது கண் வைத்திருந்தனர். இவ்விரு சாராருக்குமிடையே மூண்ட இரண்டாம் சம்நைத்தப் போர் கி.மு. 326 முதல் 304 வரை நீடித்தது.

போரின் தொடக்கத்தில் உரோமருக்கு நேர்ந்தவை பெரும்பாலும் அவமானங்களே. கி.மு. 321 இல், கப்புவாவுக்கும் கிழக்கு மலைநாட்டுக்கும் இடையேயுள்ள கௌடியம் கணவாயில் உரோமப் படை முழுவதும் சிக்கிக்கொண்டது. முன்னும் பின்னும் வழி அடைபட்டுப் போகவே, இரு தலைவர்களும் சரணடைந்தனர். ஈட்டிகளை நாட்டிக் குறுக்கே ஓர் ஈட்டியைக் கட்டிய நுகத்தின்கீழ், ஆயுதமும் மேலாடையும் இழந்த வீரர் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து செல்ல வேண்டியதாயிற்று. கி.மு. 315 இல் கடற்கரையோரத்தில், தெராசினா நகருக்கு அண்மையில், மற்றுமொரு தோல்வி. இதனைக் கண்ட கப்புவாவில் உரோமரைக் கைவிடுவோம் என்னும் பேச்சும் எழுந்தது.

உரோமாபுரியிலிருந்து கப்புவாவுக்குப் பழைய வழியொன்று இல்லாமலில்லை. அஃது உள்நாட்டுப் பள்ளத்தாக்கினூடே, மலையடிவாரத்தை ஒட்டிச் செல்வது. இலத்தீன் வழி எனப்பட்டது. மலைமேல் இருக்கும் பகைவன் நினைத்தபோதெல்லாம் இறங்கி வந்து மறிக்கத்தக்க வழி அது. படையை மறிப்பாரின்றி விரைவாகத் தெற்கே அனுப்ப வேண்டுமாயின், கடற்கரைப் பக்கமாகப் புதுவழி தேவை. கடற்கரைப் பக்கத்திலோ, பொந்தைன் சதுப்பு என்னும் பெருஞ் சேற்றுநிலம் கிடந்தது. ஆகவே, சம்நைத்தரை எதிர்கொள்வதா, சேற்றை எதிர்கொள்வதா என்னும் கேள்வி எழுந்தது. சேற்றை எதிர்கொள்ளலாம் என்று துணிந்தவன் அப்பியஸ் கிளாடியஸ்.

அப்பியஸ் அவ்வாண்டில் ‘சென்சர்’ என்னும் பதவியை ஏற்றிருந்தான். குடிமதிப்பெடுத்தல், செனற் சபை என்னும் மூதவையின் உறுப்பினர் பட்டியலைத் திருத்துதல், பொது வேலைகளை ஒப்பந்தத்துக்கு விடுதல் ஆகியன அப்பதவிக்குரிய கடமைகள். பழங்குடிப் பெருமையும் பிடிவாதமும் ஒருங்கே வாய்ந்த மனிதன் அவன். அவனோடு பதவி வகித்த மற்றவர் விலகிய பின்னரும், பதினெட்டு மாத எல்லை கடந்த பின்னரும், தான் பதவியிறங்க மறுத்தான் என்று லிவி என்னும் வரலாற்றாசிரியர் குறை கூறுகின்றார். தியோதோரஸ் என்பவரோ, மூதவையின் இசைவைப் பெறாமலே அரசிறை முழுவதையும் இவ்வேலையில் செலவிட்டான் என்று எழுதிவைத்தார். எனினும், மேடுகளை வெட்டியும் பள்ளங்களைத் தூர்த்தும் அவன் சமைத்த வழி அவனுக்கு அழியாத நினைவுச் சின்னமாயிற்று என்பதையும் அவரே ஒப்புக்கொள்கின்றார். உரோமாபுரிக்கு முதன்முதலாக நிலத்தடி வாய்க்கால் அமைத்துக் குடிநீர் கொணர்ந்தவனும் இவனே. முதுமையில் கண்ணொளி இழந்தமையால் ‘குருடன்’ என்னும் பொருள்பட ‘கேக்கஸ்’ என்ற அடைமொழி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் இருந்த வழிகள், செல்லுமிடத்தாலோ சுமந்த பண்டத்தாலோ பெயர் பெற்றவை. உப்பு சென்ற வழி உப்புவழி எனப்பட்டது. அமைத்தவன் பெயரைத் தாங்கிய முதற்பெருவழி இதுவேயாம். ஒப்பந்தப் பணத்தை மக்கள் கொடுத்தனர். பெயரை அப்பியஸ் எடுத்துக்கொண்டான்.

இவ்வீதி தொடங்கிய நாளிலேயே கருங்கல் பாவப்பெற்றது எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. முதலில் இடப்பட்டது சல்லிக்கல் வழியே. கி.மு. 293 ஐ ஒட்டித்தான் நகரை அடுத்த சில மைல்களுக்கு எரிமலைக் கருங்கல் பாவினர். பின்னர்த் தலைமுறை தலைமுறையாக அவ்வேலை தெற்கே நீண்டது. கல்லுக்கு அவர்கள் நெடுந்தூரம் போக வேண்டியதிருக்கவில்லை. உரோமாபுரிக்குத் தென்கிழக்கே அல்பன் குன்றுகள் உள. பண்டைக் காலத்தில் எரிமலைகளாயிருந்த அக்குன்றுகளிலிருந்து ஓடி வந்து இறுகிய பாறைக் குழம்பு, நகருக்குச் சில மைல் தொலைவு வரை ஒரு நீண்ட முதுகுபோல் கிடக்கின்றது. வீதியின் முதற்பகுதி அம்முதுகின் மேலேயே செல்கின்றது. அதே பாறையை வெட்டியெடுத்தே வீதிக்கும் கல் பாவினர்.

நிலம் உறுதியற்ற இடங்களில் அகழ்ந்து, அடியில் பெருங்கற்களையும் அவற்றின்மேல் சிறு கற்களையும் சல்லியையும் இட்டு இறுக்கி, அதன்மேல் பலகோண வடிவில் செதுக்கிய கற்களை ஒன்றோடொன்று பொருந்தப் பதித்தனர். வீதியின் நடு சற்றே உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்கும்; மழைநீர் தங்காது. அகலம் பதினான்கு உரோம அடி. ஏறக்குறைய நான்கு மீற்றருக்குச் சிறிது கூடுதலாகும். எதிரெதிராக வரும் இரு வண்டிகள் விலகிச் செல்ல அது போதும். இரு மருங்கிலும் நடப்போருக்கெனத் திண்ணைபோல் மேடு அமைத்தனர். மேடு பள்ளம் பாராது இயன்றவரை நேராகச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. உரோமாபுரியிலிருந்து தெராசினா வரையுள்ள தொண்ணூறு கிலோமீற்றர் தூரத்தில், வளைவுகள் மிகச் சிலவே. சதுப்புநிலத்தைக் கடக்கும் பகுதியை இன்று வரைபடத்திற் பார்ப்பவருக்கு அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தாற் போலவே தோன்றும்.

கப்புவா வரை முதலில் சென்ற தூரம் 132 உரோம மைல். பின்னர் வாள் சென்ற வழியே வீதியும் சென்றது. கி.மு. 291 இல் வெனூசியாவிலும், 268 இல் பெனவெந்தத்திலும் உரோமக் குடியேற்றங்கள் நிறுவப்பெற்றன. 272 இல் தாரெந்தம் என்னும் கிரேக்கத் துறைமுகம் வீழ்ந்தது. 244 இல் பிருந்தீசியத்தில் குடியேற்றம் அமைந்தது. இவ்வூர்களை இணைத்துக்கொண்டு, அப்பியன் வழி இத்தாலியின் குதிக்காலை எட்டியது. மொத்தம் 360 மைல் என்று ஸ்திராபோ என்னும் நிலநூலார் கணக்கிட்டுள்ளார். கப்புவாவிலிருந்து பெனவெந்தத்துக்குச் செல்லும் பகுதி கௌடியம் ஊடாகவே இடப்பட்டது. எந்தப் பள்ளத்தாக்கில் உரோமர் நுகத்தின்கீழ்க் குனிந்தனரோ அதே பள்ளத்தாக்கில் அவர்களது வீதி நிமிர்ந்து சென்றது. சம்நைத்தருக்கு அவ்வீதியின் பொருள் யாதென்று விளக்க வேண்டியதில்லை.

அப்பியஸின் கணக்குச் சரியானதென்று ஒரு நூற்றாண்டு கழித்துத் தெளிவாயிற்று. கார்த்தேஜ் நாட்டு ஹனிபால் ஆல்ப்ஸ் மலை கடந்து வந்து, கி.மு. 216 இல் கன்னே என்னுமிடத்தில் உரோமப் படையை அழித்தான். கப்புவா உடனே அவன் பக்கம் சாய்ந்தது. உரோமர் அந்நகரை முற்றுகையிட்டபோது, அவர்களை அங்கிருந்து இழுத்துவிடும் நோக்கத்தோடு, 211 இல் ஹனிபால் உரோமாபுரியை நோக்கியே புறப்பட்டான். அவன் சென்றது உள்நாட்டு இலத்தீன் வழி. செய்தியறிந்த மூதவை, முற்றுகைப் படையில் ஒரு பகுதியை அழைத்தது. பல்வியஸ் என்னும் தளபதி பதினையாயிரம் காலாட்களுடனும் ஆயிரம் குதிரை வீரருடனும் அப்பியன் வழியே விரைந்தான் என்று லிவி கூறுகின்றார். முன்னரே ஆளனுப்பி, வீதியோரத்து ஊர்களான சேத்தியா, கோரா, லனூவியம் ஆகியவற்றில் உணவைத் திரட்டி வழியருகே வைக்கச் செய்தான். ஆதலின் படை சுமையின்றி நடந்தது. ஹனிபால் நகர வாயிலை எட்டிப் பார்த்துத் திரும்பினான். கப்புவா அவ்வாண்டே வீழ்ந்தது. அதன் தலைவர்கள் கொல்லப்பட்டனர். நிலங்கள் உரோம அரசுக்குச் சொந்தமாயின. கப்புவாவைக் காப்பதற்கென்று இட்ட வீதி, கப்புவாவைத் தண்டிக்கவும் உதவிற்று.

அதனினும் கொடிய காட்சியொன்றையும் இவ்வீதி கண்டது. கி.மு. 73 இல், கப்புவாவிலிருந்த வாட்போர்ப் பயிற்சிக்கூடம் ஒன்றிலிருந்து எழுபது பேரளவிலான அடிமைகள் தப்பியோடினர். களியாட்டுக் கூடத்தில் மக்கள் கண்டு களிக்க ஒருவரையொருவர் வெட்டி மாள்வதற்கென்று பழக்கப்பட்டவர்கள் அவர்கள். ஸ்பார்த்தகஸ் என்பவன் அவர்களுக்குத் தலைவனானான். வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் உழைத்த அடிமைகள் பல்லாயிரவராய் வந்து சேர்ந்தனர். உரோமப் படைகள் பலவற்றை அவர்கள் புறங்காட்டச் செய்தனர். இறுதியில், கி.மு. 71 இல், பெருஞ் செல்வனான கிராசஸ் அவர்களைத் தோற்கடித்தான். உயிருடன் பிடிபட்ட ஆறாயிரம் பேர், கப்புவாவிலிருந்து உரோமாபுரி வரை வழிநெடுகச் சிலுவைகளில் அறையப்பட்டனர். 132 மைலுக்கு ஆறாயிரம் சிலுவை என்றால், சராசரி முப்பத்திரண்டு மீற்றருக்கு ஒன்று. நம் நாட்டு வீதிகளில் மின்கம்பங்கள் நிற்கும் நெருக்கத்தை நினைத்துப் பார்ப்பவர்க்கு அக்காட்சி ஒருவாறு புலனாகும். கப்புவாவுக்குச் சென்று திரும்பும் வணிகனும், வண்டிக்காரனும், தாயின் கைபிடித்து நடக்கும் சிறுவனும் ஐந்து நாட்கள் அதனூடே போக வேண்டியவராயினர். உரோமரின் பொறியியல் திறனைப் போற்றுவோர், அத்திறன் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் உடன் வைத்தே எண்ணுதல் தகும்.

எனினும், ஒரு வீதியை இட்டவன் எதற்காக இட்டானோ அதற்கு மட்டும் அதனை அடக்கி வைத்தல் எவர்க்கும் இயலாது. கி.மு. 37 ஐ ஒட்டி, ஹொரஸ் என்னும் புலவர் அரசியல் தூதுக்குழு ஒன்றோடு இவ்வழியே பிருந்தீசியம் வரை சென்றார். அப்பயணத்தைக் கேலியும் நகையும் கலந்து பாடியும் வைத்தார். சதுப்புநிலத்தின் தொடக்கத்திலுள்ள அப்பியஸ் சந்தை என்னும் ஊரிலே படகுக்காரரும் சத்திரக்காரரும் நிறைந்திருந்தனர். அங்கிருந்து வீதிக்குப் பக்கமாக ஒரு கால்வாய் ஓடிற்று. இரவில் படகிலேறினால் கோவேறு கழுதை கரையிலிருந்து இழுத்துச் செல்லும். பயணிகள் உறங்கியபடியே சதுப்பைக் கடக்கலாம் என்பது ஏற்பாடு. நுளம்பும் தவளையும் புலவரை உறங்க விட்டில. ஒருவாறு கண்ணயர்ந்து விடிந்தெழுந்து பார்த்தாலோ படகு நகரவேயில்லை! படகோட்டி கழுதையைக் கல்லொன்றிற் கட்டிவிட்டுத் தானும் மல்லாந்து படுத்து உறங்கிவிட்டான். பயணியொருவன் குதித்திறங்கிக் கழுதையையும் படகோட்டியையும் தடியால் விளாசிய பின்னரே பயணம் தொடர்ந்தது. பேரரசின் தலைவிதியை முடிவு செய்யும் தூதுக்குழுவும் ஒரு கழுதைக்காரனின் உறக்கத்துக்குக் காத்திருந்ததென்றால், போக்குவரத்துத் துன்பம் இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, அதே அப்பியஸ் சந்தையில் சிலர் ஒரு கைதியின் வரவுக்காகக் காத்து நின்றனர். அக்கைதி பவுல் அடியார். எருசலேமில் சிறைப்பட்டு, உரோமப் பேரரசன் முன்னிலையில் தம் வழக்கைக் கேட்குமாறு முறையிட்ட அவர், கடலிற் கப்பல் உடைந்து மோல்தாத் தீவிலே தங்கி, பின் அலெக்சாந்திரியாக் கப்பலொன்றிலேறிப் புத்தியோலித் துறையில் இறங்கினார். அங்கிருந்து படைவீரர் காவலில் இவ்வழியே நடந்தார். அவர் வருகையறிந்த உரோமாபுரிச் சகோதரர்கள் நாற்பத்து மூன்றாம் மைலிலுள்ள அப்பியஸ் சந்தை வரையும், மூன்று சத்திரம் என்னும் இடம் வரையும் எதிர்கொண்டு வந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அறுபது தலைமுறைகளாக அவ்வீதியைப் பேணிய அரசுகள் பல மறைந்தன; விலங்கு பூண்டு சென்ற அக்கைதியின் கொள்கை அவ்வீதியோரத்திலேயே வேரூன்றிற்று.

பவுல் இறங்கிய புத்தியோலித் துறைக்குத் தமிழகத்தோடும் ஒரு தொடர்புண்டு. சேர நாட்டு முசிறித் துறையில் ஏற்றிய மிளகு, செங்கடல் கடந்து அலெக்சாந்திரியாவை அடைந்து, அங்கிருந்து இத்தாலிக்குச் சென்றது. உரோமாபுரியில் மிளகுக்கென்றே பெரும் பண்டகசாலையொன்று டொமீசியன் மன்னனாற் கட்டப்பெற்றது. அம்மன்னனே கி.பி. 95 இல், புத்தியோலியிலிருந்து நேரே அப்பியன் வழியை வந்து சேரும் கிளைவீதியொன்றையும் இடுவித்தான். கனமான பண்டங்கள் பெரும்பாலும் கடல்வழியே தலைநகர் சென்றன. ஆயினும் வணிகரும் அவர்தம் கடிதங்களும் சென்றது இவ்வீதியால்.

அடுத்த தலைமுறையில் திராஜன் மன்னன் செய்த வேலைகள் வியப்புக்குரியன. தெராசினாவில் மலை கடலுக்குள் நீண்டு நின்றமையால், பழைய வீதி செங்குத்தாக ஏறி இறங்கிற்று. திராஜன் காலத்துக் கல்லர்கள் அம்மலையின் முனையையே கடல்மட்டம் வரை செதுக்கியெடுத்து வழி செய்தனர். எத்தனை அடி வெட்டினோம் என்பதைப் பத்து அடிக்கொரு தடவை பாறையிலேயே எண்ணாகப் பொறித்தனர். அடியிலுள்ள கடைசி எண் 120. இன்றும் அதனைக் காணலாம். பெனவெந்தத்திலிருந்து பிருந்தீசியத்துக்கு எளிய மாற்றுவழி ஒன்றை கி.பி. 109 இல் அவன் அமைத்தான். பிருந்தீசியத்திற் கப்பலேறி அதிரியக் கடலைக் கடந்தால், மறுகரையில் எக்நாத்தியன் வழி கிழக்கு நோக்கிப் பைசாந்தியம் வரை சென்றது.

உரோமாபுரியை விட்டு வெளியேறும் பயணியின் கண்ணில் முதலிற் படுவன கல்லறைகள். நகரெல்லைக்குள் பிணத்தைப் புதைத்தலும் எரித்தலும் ஆகாவென்பது அவர்களது பழைய சட்டம். ஆதலின் நகர வாயிலுக்கு அப்பால், வழிப்போக்கர் கண்ணிற் படுமாறு, வீதியின் இருமருங்கும் செல்வர்கள் கல்லறை எழுப்பினர். ஏழைகளும் கிறித்தவரும் யூதரும் தத்தம் இறந்தோரை நிலத்தடிச் சுரங்கங்களில் அடக்கினர். அவற்றுள் ஒன்று இருந்த இடத்துப் பெயரே பின்னர் அவ்வகைச் சுரங்கக் கல்லறைகள் எல்லாவற்றுக்கும் ‘கத்தகோம்’ என்று பொதுப்பெயராயிற்று. மேலுள்ள கல்லறைகளுள் கம்பீரமானது செசீலியா மெத்தெல்லா என்னும் பெண்மணியுடையது. முப்பது மீற்றர் அளவு விட்டமுள்ள உருளைக் கட்டடம். அவள் கிராசஸ் என்பவனின் மனைவி என்று கல்வெட்டுக் கூறுகின்றது. அக்கணவன், ஸ்பார்த்தகஸை வென்ற கிராசஸின் மகன் என்பதே அறிஞர் பெரும்பாலார் கருத்து. மாமன் ஆறாயிரம் சிலுவை நாட்டிய வீதியிலே மருமகளுக்கு இத்தனை பெரிய கல்லறை. அச்சிலுவைகளில் மாண்டோருக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

பேரரசு சரிந்தபோது வீதி உடனே அழியவில்லை. கி.பி. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோத்தியர் வேந்தன் தியோதொரிக் ஆண்ட காலத்தில், தேசியஸ் என்னும் பிரபு சதுப்பை வடித்து வீதியைச் செப்பனிட்டதைக் கல்வெட்டு இன்றும் பறைசாற்றுகின்றது. அதே நூற்றாண்டில் அதனைக் கண்ட புரோகோப்பியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர், கற்கள் சாந்தின்றியே இணைந்து, இணைத்தவை போலன்றி ஒன்றாக வளர்ந்தவை போல் இருந்தன என்றும், தொள்ளாயிரம் ஆண்டு வண்டிகளும் விலங்குகளும் சென்றும் அவை பிரியவுமில்லை, மெருகு குன்றவுமில்லை என்றும் வியந்து எழுதினார்.

கல் நிலைத்தது; காப்பவர் நிலைக்கவில்லை. வாய்க்கால்களைத் தூர்வார ஆளின்றிப் போகவே பொந்தைன் சதுப்பு தன் நிலத்தை மீண்டும் எடுத்துக்கொண்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிய மக்கள் மலையடிவாரத்து வழியை நாடினர். நகரை அண்டிய பகுதியிலே வந்தது வேறொரு கேடு. 1300 ஐ அடுத்த ஆண்டுகளில், பாப்பரசர் எட்டாம் பொனிபாஸின் உறவினரான கயெத்தானி குடும்பத்தினர், செசீலியா மெத்தெல்லாவின் கல்லறையைக் கோட்டைக் கொத்தளமாக்கி, வீதியைக் குறுக்கே அடைத்துச் சுங்கம் பறித்தனர். ஊருக்குப் பொதுவான வீதியில் ஒரு குடும்பம் வாயிற்கதவு இட்டதென்றால் பயணிகள் செய்வது யாது? அவர்கள் பக்கத்து வழியொன்றைக் கண்டுகொண்டனர். அப்பக்க வழியே இன்றைய புதிய அப்பியன் வீதியின் முன்னோடி. பழைய வீதியில் புல் முளைத்தது. கல்லறைகளின் சலவைக்கற்கள் சுண்ணாம்புக் காளவாய்க்குச் சென்றன.

பாப்பரசர் ஆறாம் பத்திநாதர் 1777 இல் சதுப்பை வடிக்கும் வேலையைத் தொடங்கி, அவ்விடத்தில் பழைய நேர்வழியை மீட்டார். சதுப்பு முற்றாக வற்றியது 1930களிலேதான். 1850 முதல் 1853 வரை லூயிஜி கனீனா என்னும் கட்டடக்கலைஞர் நகர்ப்புறத்துப் பல மைல்களை அகழ்ந்து, சிதறிய கற்களை இருமருங்கும் நிறுத்தினார். நூறு ஆண்டுகள் அமைதி. இரண்டாம் உலகப்போரின் பின், அவ்வழகிய சூழலில் வீடமைக்க விரும்பிய செல்வர்கள் வந்தனர். கல்லறைகள் தோட்டத்து அலங்காரமாயின. கல்வெட்டுக்கள் வரவேற்பறைச் சுவரில் ஏறின. 1953 இல் அந்தோனியோ செதர்னா என்னும் எழுத்தாளர், ‘அப்பியன் வீதிக் கொள்ளையர்’ எனப் பொருள்படும் தலைப்பில் கட்டுரை எழுதி இதனை அம்பலப்படுத்தினார். ஒரு கட்டுரையோடு அவர் நின்றாரல்லர். 1996 இல் இறக்கும் வரை எழுதிக்கொண்டேயிருந்தார். 1965 இல் நகரத் திட்டம் அச்சுற்றுப்புறத்தைப் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கியது. 1988 இல் பூங்கா சட்டப்படி அமைந்தது. இடைக்காலத்தில், நகரைச் சுற்றியோடும் வட்டப் பெருஞ்சாலை அப்பியன் வீதியை இரண்டாக வெட்டிச் சென்றிருந்தது. 2000 ஆம் ஆண்டு யூபிலி விழாவை ஒட்டி அப்பெருஞ்சாலையைச் சுரங்கத்துள் இறக்கி, பழைய வீதியை மேலே மீண்டும் ஒட்டினர். 2024 யூலையில், புதுடில்லியில் கூடிய உலக மரபுரிமைக் குழு அப்பியன் வழியை மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

செதர்னாவின் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்களில், 1960 செப்டெம்பர் 10 ஆம் நாள் மாலை, இவ்வீதியில் மற்றுமோர் ஓட்டம் நிகழ்ந்தது. உரோமாபுரி ஒலிம்பிக் விழாவின் மரதன் ஓட்டம் அது. இருள் கவிந்தபின், படைவீரர்கள் ஏந்திய தீவட்டி வெளிச்சத்தில், கல்லறைகளுக்கு நடுவே, அப்பியஸின் கற்கள்மீது இருவர் முன்னணியில் ஓடி வந்தனர். ஒருவர் மொறொக்கோ நாட்டவர். மற்றவர் எதியோப்பிய நாட்டுப் படைவீரர் அபேபே பிக்கிலா. பிக்கிலாவின் கால்களிற் செருப்பில்லை. பழைய காலத்தில் அப்பியன் வழி தொடங்கிய கப்பேனா வாயிலருகே அப்பொழுது ஓர் உயர்ந்த கல்தூண் நின்றது. எதியோப்பியாவின் அக்சும் நகருக்குரிய அத்தூணை, அந்நாட்டைப் படையெடுத்துப் பிடித்த முசோலினியின் அரசு 1937 இல் பெயர்த்துக் கொணர்ந்து அங்கே நாட்டியிருந்தது. அத்தூணை நெருங்கும்போது வேகத்தைக் கூட்டுவதென்று பிக்கிலா முன்னரே தீர்மானித்திருந்தார் என்பர். அவ்விடத்திலிருந்து அவர் தனியே ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில், கொன்ஸ்தாந்தைன் வளைவின் கீழ் ஓட்டத்தை முடித்தார். கறுப்பு ஆபிரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பொற்பதக்கம் அது. தூண் 2005 இல் எதியோப்பியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 2008 இல் அக்சும் நகரில் தன் பழைய இடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது.